பதினாறு பாகையில் விக்கிய டின்

மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் 5.20. மடுல்சீமை. காற்று இல்லை. மூடுபனி தேயிலை மலையின் பாதிவரை இறங்கியிருந்தது. சட்டைப் பையில் நான் எப்போதும் வைத்திருக்கும் சிறு வெப்பமானி பதினாறு பாகை காட்டியது.

இவ்வளவையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து மேடையைப் பார்த்தேன். எழுதியதை அப்போதே ஒருமுறை யோசித்திருந்தால் இந்த வாரம் உங்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

மேடை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில், எட்டுத் தகரப் பீப்பாய்களின் மேல் பதினான்கு பலகைகள். நடுவில் ஒரு நாற்காலி. அதில் ராஜு. என் மனைவி பார்வதியின் தம்பி, வயது அறுபத்தொன்று, ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் லொறி ஓட்டி ஓய்ந்தவன். மடியில் கிட்டார். காலடியில் நான் செய்து கொடுத்த டின்.

எதிரே சனம். தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை விட்டுவிட்டு எண்ணினேன். நூற்றெண்பத்தாறு பேர்.

அம்ப்ளிஃபையரில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆனால் உறுமல் இல்லை. பதினொரு வாரமாக என்னோடு சண்டை பிடித்த அந்த 'ம்ம்ம்' என்ற சத்தம் அன்று துளியும் இல்லை. கோயில் குழாயடியில் காலையிலேயே நான் அடித்துவைத்த செப்புக் கம்பி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அந்த அமைதியை நான் ஒருவன்தான் ரசித்தேன். மற்றவர்களுக்கு அது வெறும் அமைதி.

ராஜு டின்னின் பொத்தானை மிதித்தான். மூன்றாம் கம்பியைத் தட்டினான்.

நீண்டு நிற்க வேண்டிய நாதம் 'ப்ர்ட்' என்று ஒரு துண்டாக வந்து விழுந்தது. இன்னொரு தடவை தட்டினான். இன்னொரு துண்டு. முன்வரிசையில் ஒரு பிள்ளை சிரித்தது.

ராஜு என்னைத் திரும்பிப் பார்த்தான். மைக்குக்கு எட்டாமல், எனக்கு மட்டும் எட்டும்படி சொன்னான்.

"மச்சான், பொட்டி விக்குது."

இரண்டு விரல்

மூன்று வருடங்களுக்கு முன் ராஜுவுக்குப் பாரிசவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் பதினேழு நாள். கால் ஏறக்குறையச் சரியாகிவிட்டது. இடது கைக்கு ஒன்றுமில்லை. கிட்டாரின் கழுத்தில் அது பழையபடி ஓடும். கம்பியைத் தட்டும் வலது கையில்தான் வினை. பெருவிரலும் சுட்டுவிரலும் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டன, அதுவும் அரை மனதோடு.

மடுல்சீமைத் திருவிழாவில் ஒரு வழக்கம் உண்டு. ஏழு மணிக்கு அம்மன் வெளியே புறப்படும் முன் பின்னேரம் பாட்டுக் கச்சேரி. பாடகர் யாரும் வாய் திறக்கும் முன்னால், அம்மனுக்கென்று ஒரு மெட்டை கிட்டாரில் தனியாக வாசிக்க வேண்டும். மெதுவான மெட்டு. ஒவ்வொரு நாதமும் அடுத்தது வரும்வரை நிற்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் அதை வாசித்தவன் ராஜு. வாதம் வந்த பிறகு வேறொருவர் வாசித்தார்.

இந்த வருடம் பொங்கலுக்கு முந்திய வாரம் பார்வதி அழுதுகொண்டே ஒரு செய்தி சொன்னாள். ராஜு கிட்டாரை விற்கப் போகிறானாம். பண்டாரவளையிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டும் போய்விட்டாராம்.

மறுநாளே பஸ் ஏறி ஸ்பிரிங்வெளிக்குப் போனேன். மகள் கொழும்பில் இருப்பதால், லயம் என்கிற தோட்டத்து வீட்டு வரிசையில் ராஜு தனியாள். எனக்காக வாசித்துக் காட்டினான். விரல் கம்பியில் படுவது கண்ணுக்குத் தெரிந்தது. நாதம் பிறந்து, நான் மூன்று எண்ணுவதற்குள் போய்விட்டது.

கிட்டார்காரர்கள் ஓவர்டிரைவ் என்று ஒரு சிறு பெட்டியைக் காலடியில் வைத்துக்கொள்வார்கள். கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய மின்சாரத்தை அது அளவுக்கு மீறிப் பெருக்கி, மேலேயும் கீழேயும் நறுக்கி, அம்ப்ளிஃபையருக்கு அனுப்பும். பலமாகத் தட்டினாலும் மெல்லத் தட்டினாலும் சத்தம் ஏறக்குறைய ஒரே அளவில் வரும். நாதமும் நெடுநேரம் நிற்கும். இளைஞர்கள் அதைக் கர்ஜிக்க வைக்கப் பாவிக்கிறார்கள். எனக்கு வேறொன்று தோன்றியது. பலமில்லாத விரலுக்குப் பலம் கொடுக்கலாமே.

கடைகளில் விசாரித்தால், வெளிநாட்டுப் பெட்டி ஒன்றின் விலை என் ஓய்வூதியத்தில் பாதி. நானே செய்து தருகிறேன் என்றேன். ராஜு, மடுல்சீமைத் திருவிழா வரைக்கும் பார்ப்போம் என்றான். அன்றைக்குக் கிட்டார் பேசாவிட்டால் மறுநாள் திங்கட்கிழமை பண்டாரவளை ஆளை வரச்சொல்லிக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னான். கொடுப்பான். அவன் சொன்னதைச் செய்கிறவன்.

எனக்குப் பதினொரு வாரம் இருந்தது.

குனிந்து கும்பிட்டவன்

இடையில் ஒரு திருத்தம். பசறையிலிருந்து மடுல்சீமைக்குப் போகும் பாதையின் வளைவுகளைப் பற்றி முன்பொரு வாரம் எழுதியிருந்தேன். ஒரு வாசகர் தானும் எண்ணியதாகவும் நான் ஒன்றைக் குறைத்துவிட்டதாகவும் கடிதம் போட்டிருக்கிறார். கோயில் மரத்தடியில் பாதை லேசாக ஒதுங்குவதை அவர் வளைவு என்கிறார். நான் அதை வளைவென்று ஒப்புக்கொள்ளவில்லை. இதற்கு மேல் வாதாட விரும்பவில்லை.

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்குச் சொல்கிறேன். நான் மின்சாரக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் மானி வாசித்தவன். பதுளை டவுனிலிருந்து மலை ஏறி, லயம் லயமாகப் போய், சுவரிலிருக்கும் மானியின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வருவது தொழில். அதில் வந்த வியாதிதான் எண்ணுவது. படி, வாசல், நாய், எல்லாவற்றையும் எண்ணுவேன். நாய் கடித்தது நான்கு தடவை.

நமுனுகுலப் பக்கம் ஒரு லயத்துக்குப் புதிதாக மின்சாரம் வந்த காலம். ஒரு வீட்டில் மானிக்குக் குங்குமம் வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் கற்பூரம் காட்டியிருந்தார்கள். கண்ணாடி முழுக்கப் புகைக்கரி. இலக்கம் தெரியவில்லை. இப்படிச் செய்யக்கூடாது என்று அந்த வீட்டம்மாவிடம் கொஞ்சம் கடுமையாகச் சொன்னேன்.

அந்த அம்மா கோபப்படவில்லை. "நீங்க மட்டும் மாசா மாசம் வந்து குனிஞ்சு கும்புட்டுட்டுப் போறீங்க. நாங்க கும்புடக் கூடாதாங்க?" என்றார்.

மானி தாழ்வாக இருந்தது. என் கண்ணாடிக்கு இலக்கம் தெரிய, குனிந்து, கைகளை முகத்தருகே குவித்துத்தான் பார்ப்பேன். வெளியிலிருந்து பார்த்தால் அது எப்படித் தெரியும் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. இலக்கத்தை மட்டும் பார்ப்பவனுக்கு மற்றது தெரியாது. இது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

தீப்பெட்டியில் நான்கு

அந்தச் சுற்றுகளில் கிடைத்ததுதான் இந்தக் கதைக்குக் காரணமான சாமான். ஒரு தோட்டத்துக் கடைக்காரர் பேசாமல் போன வானொலி ஒன்றை, வேண்டுமென்றால் எடுத்துப் போங்கள் என்று கொடுத்தார். உள்ளே பழைய காலத்து ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள் நான்கு உயிரோடு இருந்தன. கழற்றி, பஞ்சில் வைத்து, ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு வைத்தேன். அவ்வளவு காலமும் அவற்றை எதற்கும் பாவிக்கவில்லை. அவ்வப்போது திறந்து நான்கும் இருக்கின்றனவா என்று பார்ப்பேன்.

பதுளை பசாரில் வானொலி திருத்தும் ஜமீல் நானாவிடம் மற்றச் சாமான்கள் வாங்கப் போனபோது, ஜெர்மேனியம் போடப்போகிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் முகத்தைச் சுளித்தார்.

"சிலிக்கன் இருவது ரூவாங்க ஐயா. போட்டா போட்ட எடத்துல கெடக்கும். இது கோவக்காரச் சாமான். ஒங்களுக்கு ஏன் இந்தக் கரைச்சல்?"

ஜெர்மேனியத்தின் சத்தம் மென்மையானது என்று நான் ஒரு பிரசங்கமே வைத்தேன். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. தீப்பெட்டிக்குள் இருந்ததை யாருக்காவது காட்ட வேண்டும் என்று இருந்தது.

உறுமலை எண்ணியது

முதல் பெட்டியை ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டிக்குள் கட்டினேன். கிட்டார் பேசியது. அதைவிடப் பலமாக உறுமல் பேசியது. நியாயம்தான். மெல்லிய விரலைப் பெருக்கும் கருவி மெல்லிய குறையையும் பெருக்கும். சத்தத்தைக் குறைத்தால் உறுமல் போகும், ராஜுவின் நாதமும் போகும். எனவே உறுமலை அது வரும் இடத்திலேயே பிடிக்க வேண்டும்.

ராஜுதான் வழி காட்டினான், அதுவும் கேலியாக. "மச்சான், உங்க பொட்டி நல்லா சுதி சேத்துப் பாடுது, கேளுங்க" என்று சொல்லி, ஆறாம் கம்பியில் மூன்றாம் கட்டையைப் பிடித்துத் தட்டினான். உண்மைதான். ஏறக்குறைய அதே ஸ்வரம். ஆனால் ஏறக்குறையத்தான். இரண்டும் சேர்ந்தபோது சத்தம் வீங்கி வடிந்தது, வீங்கி வடிந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நொடிக்கு இரண்டு தடவை.

அந்தக் கட்டையில் கம்பி நொடிக்குத் தொண்ணூற்றெட்டுத் தடவை அதிரும். வித்தியாசம் இரண்டு என்றால் உறுமல் தொண்ணூற்றாறு அல்லது நூறு. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு ஐம்பது சுற்று. சுவரில் செருகும் மலிவு அடப்டர் அதை நேராக்கும்போது நூறாகிவிடும். அந்த அலையைச் சமப்படுத்தும் கண்டென்சர் அந்த அடப்டரில் போதாது. கம்பியும் காதும் கடிகாரமும் போதுமாக இருந்தன, குற்றவாளியைப் பிடிக்க. அடப்டரைக் கழற்றிவிட்டு ஒன்பது வோல்ட் பேட்டரி போட்டேன். உறுமலில் பெரும்பகுதி போய்விட்டது. ராஜு முதன்முறையாக என்னை மரியாதையோடு பார்த்தான்.

மிச்சம் இருந்தது அடிக்குரலில் ஒரு முனகல். கிட்டாரின் கம்பியில் கை வைத்தால் அது அடங்கியது, எடுத்தால் வந்தது. மானி வாசித்தவனுக்கு இது விளங்கக் கஷ்டமில்லை. லயத்துப் பழைய வயரிங்கில் இரண்டு கம்பிதான். நிலத்துக்குப் போகும் மூன்றாவது கம்பி கிடையாது. அது இல்லாத இடத்தில் மனித உடம்பே அந்த வேலையைச் செய்கிறது. வீட்டுக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடி எப்போதும் ஈரமாக இருக்கும் இடமாகப் பார்த்து, நான்கடிச் செப்புக் கம்பி ஒன்றை அடித்து, அம்ப்ளிஃபையரை அதோடு இணைத்தேன்.

கடைசியாகப் பிளாஸ்டிக் பெட்டியை எறிந்துவிட்டு, தேயிலைத் தொழிற்சாலையில் மாதிரித் தூள் போட்டு வைக்கும் சதுர டின் ஒன்றுக்குள் எல்லாவற்றையும் மாற்றினேன். நாற்புறமும் உலோகம். காற்றில் வரும் சத்தம் உள்ளே போகாது.

போவது வருவது எல்லாம் பத்து மணி பஸ்ஸில் போய் மூன்று மணி பஸ்ஸில் திரும்புவது. மொத்தம் பத்தொன்பது தடவை. பகல் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் இடையில்தான் வாசித்துப் பார்ப்போம். இந்த நேரத்தைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைக்கவில்லை.

அந்த நாட்களில் ஒரு காலை பார்வதி தேநீரை வைத்துவிட்டு, "ஏங்க, பத்து வாரமா இந்தப் பொட்டியோட பேசுறீங்க. என் தம்பியோட எப்பப் பேசுவீங்க?" என்று கேட்டாள். வாரத்தில் இரண்டு நாள் அவனோடுதானே இருக்கிறேன் என்றேன். அவள் உள்ளே போனாள்.

நாலரை வோல்ட்

உறுமல் போனபின் மிச்சமிருந்தது ஒரே வேலை. டிரான்சிஸ்டரை நடுவில் நிறுத்துவது.

மானியின் முள் நடுவில் நின்றால்தான் இரண்டு பக்கமும் ஆட இடம் இருக்கும். ஒரு ஓரத்தில் நின்றால் ஒரு பக்கம் ஆடும், மறுபக்கம் இடிக்கும். டிரான்சிஸ்டரும் அப்படித்தான். ஒன்பது வோல்ட் பேட்டரி என்றால், சும்மா இருக்கும்போது அதன் மூன்று கால்களில் கலெக்டர் எனப்படும் காலில் நாலரை வோல்ட் அளவில் நிற்க வேண்டும். அப்போது கம்பியின் அலை மேலும் கீழும் தாராளமாகப் போய்வரும். ஒன்பதை நெருங்கி நின்றால் மெல்லிய அலைகள் உள்ளே நுழைய முடியாமல் வாசலிலேயே விழும். நாதம் துண்டு துண்டாக வரும்.

இதை நிறுத்துவதற்கு ஒரு சிறிய திருகு உண்டு. திருகி, மல்டிமீட்டரைப் பார்த்து, திருகி, பார்த்து, நூற்று நாற்பத்து மூன்று தடவை அளந்திருக்கிறேன். எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. கடைசி வரி இது: மார்ச் 22, சனிக்கிழமை, பகல் 2.40, பதுளை, நல்ல வெயில், 29 பாகை, 4.5 வோல்ட்.

அப்புறம் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தத் திருகு பஸ் குலுக்கலில் அசைந்துவிடுமோ என்று பயந்து, அதன்மேல் நகப்பூச்சு ஊற்றி இறுக்கினேன். மூடியின் இடுக்கு வழியே உறுமல் புகுந்துவிடுமோ என்று பயந்து, மூடியைச் சுற்றிலும் ஈயம் வைத்து அடைத்தேன். பேட்டரியை வெளியே ரப்பர் வளையத்தால் கட்டினேன். இனி யாராலும் கெடுக்க முடியாது என்று பார்வதியிடம் சொன்னேன். யாராலும் திருத்தவும் முடியாது என்பது எனக்குத் தோன்றவில்லை.

தப்புக்காரர்களின் நெருப்பு

மடுல்சீமை மேடைக்கு வருவோம்.

ராஜு ஏழு தடவை தட்டினான். ஏழும் துண்டு. கோயில் தலைவர் கையைக் காட்ட, பாடகர் மைக்கை எடுத்து, சிறிது நேரத்தில் ஆரம்பமாகும் என்று அறிவித்தார். ராஜு கிட்டாரை நாற்காலியில் சாய்த்துவிட்டு, குனிந்து டின்னை எடுத்தான். காலை இழுத்துக்கொண்டு மேடையின் பின்பக்கம் இறங்கினான்.

பின்னால் நெருப்பு எரிந்தது. அம்மன் புறப்பாட்டுக்கு வந்திருந்த தப்புக்காரர்கள் ஐந்து பேர் காய்ந்த தேயிலைக் குச்சியும் தும்பும் போட்டு மூட்டி, தோல் இறுகத் தங்கள் தப்பு மேளங்களைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ராஜு நேராக அதை நோக்கிப் போனான்.

டின்னை நெருப்பில் போடப் போகிறான் என்றே நினைத்தேன். எழுபது வயதில் ஓடக்கூடாது. ஓடினேன்.

அவன் போடவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்து, வலது கையை நெருப்புக்கு நீட்டினான். டின் அந்தக் கையிலேயே இருந்தது. எடுத்துக் கீழே வைக்கக்கூட விரல் மடங்கி விரியவில்லை.

பேட்டரியைப் பார்க்கிறேன், வயரைப் பார்க்கிறேன் என்று நான் என்னென்னவோ சொன்னேன். அவன் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"விடுங்க மச்சான். பொட்டி மட்டுமில்ல, கையுந்தான் வரல. பகல்ல நல்லா இருக்கும். பனி எறங்குனா வெறச்சுப் போகும். மூணு வருசமா இப்படித்தான்."

"இத நீ சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே. வோல்ட்டுதான் கேப்பீங்க."

பத்தொன்பது பயணம். நூற்று நாற்பத்து மூன்று அளவை. இந்தக் கை எந்த நேரத்தில் நன்றாக இருக்கும், எந்த நேரத்தில் இராது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

தப்புக்காரர்களில் மூத்தவர், காளிமுத்து என்று பெயர், இவ்வளவையும் கேட்டுக்கொண்டே தன் தப்பை நெருப்பின் மேல் மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தார். விரலால் ஒரு தட்டுத் தட்டினார். 'தொப்' என்றது. இன்னும் கொஞ்சம் காட்டினார். தட்டினார். 'டண்' என்றது.

"மேடையில கேட்டுக்கிட்டுத்தாங்க இருந்தேன். காய்ச்சாம தட்டுனா எங்க தப்பும் இப்படித்தாங்க பேசும். பனி எறங்கிருச்சில்ல. அந்த டின்னையும் கொஞ்சம் காட்டிப் பாக்கலாமேங்க" என்றார்.

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் பாதி விளையாட்டாகத்தான் சொன்னார். டின்னுக்குள் தோல் இல்லை, ஈயம் உருகும் என்று விளக்க வாயைத் திறந்தேன். திறந்தபடியே நின்றேன்.

பதுளை, 29 பாகை, 4.5 வோல்ட். மடுல்சீமை, பதினாறு பாகை. இரண்டும் என் கையெழுத்து. இரண்டுக்கும் நடுவில் புத்தகத்தில் ஒரே ஒரு தாள். ஜெர்மேனியம் வெயிலில் தாராளமாக மின்சாரத்தை விடும், குளிரில் கையை மூடிக்கொள்ளும். வானொலி திருத்தும் எவருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். ஜமீல் நானா கோபக்காரச் சாமான் என்றது இதைத்தான். பதின்மூன்று பாகை இறங்கியதில் என் நாலரை எங்கோ மேலே ஏறிப் போயிருக்கிறது. ஒவ்வொரு நாளும் பக்கத்தின் தலையில் வெப்பநிலையை எழுதினேன். அலங்காரத்துக்கு எழுதியிருக்கிறேன்.

"காட்டுங்க" என்றேன். "காட்டுங்க, ஆனா மெதுவா."

ராஜு டின்னை நெருப்புப் பக்கம் நீட்டினான். காளிமுத்து தடுத்தார். அவனுடைய கையைக் கவனித்திருக்கிறார்.

"உங்களுக்கு அந்தக் கையில சூடு தெரியுமாங்க?"

சரியாகத் தெரியாது என்றான் ராஜு. காளிமுத்து டின்னை வாங்கிக்கொண்டார். தப்பைப் போலவே சுற்றிச் சுற்றிக் காட்டினார். இரண்டு மூன்று தடவை புறங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். நான்காவது தடவை தலையாட்டினார்.

"போதுங்க. இதுக்கு மேல போனா கிழிஞ்சிரும்."

எது கிழியும் என்று நான் கேட்கவில்லை.

அதற்குள் பார்வதி வந்துவிட்டாள். ராஜுவின் கைக்கு ஒத்தடம் கொடுக்கவென்று அவள் ரப்பர் சுடுநீர்ப்பை ஒன்றைக் கொண்டுவந்திருந்தது எனக்குத் தெரியாது. அவளுக்குக் கையைப் பற்றித் தெரிந்திருக்கிறது. கோயில் மடைப்பள்ளியில் வெந்நீர் வாங்கி நிரப்பியிருந்தாள். பையை ராஜுவிடம் நீட்டினாள்.

"பொட்டிக்கு வை அக்கா" என்றான் அவன்.

"கைக்கு?"

பிறகு இப்படிச் செய்தார்கள். மேடையில் நாற்காலிக்கு வலப்பக்கம் ஒரு முக்காலி. அதன்மேல் சுடுநீர்ப்பை. பையின் மேல் டின். டின்னின் மேல் ராஜுவின் வலது கை. பொத்தானைக் காலால் மிதிக்காமல் கையால் அழுத்துவது. மின்சாரம் தெரிந்த ஆள் நான் ஒருவன் அங்கே இருந்தேன். இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. வயரைத் தூக்கிப் பிடித்தேன்.

ஐந்து நிமிடம் கையை அப்படியே வைத்திருந்தான். சனம் காத்திருந்தது. பிறகு கையை எடுத்து மூன்றாம் கம்பியைத் தட்டினான்.

நின்றது.

மூன்று எண்ணினேன், நின்றது. ஐந்து எண்ணினேன், அப்போதும் நின்றது. அவனுடைய இடது விரல் அதைப் பிடித்து அடுத்த கட்டைக்குக் கொண்டுபோனது. அதற்கு மேல் நான் எண்ணவில்லை. அம்மனுக்குரிய அந்த மெட்டு எத்தனை நாதம் கொண்டது என்று இன்றைக்கு நீங்கள் கேட்டால் எனக்குத் தெரியாது.

முடிந்ததும் மேடைக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு தப்பு இரண்டு அடி அடித்தது. காளிமுத்துவாகத்தான் இருக்கும்.

குளிர்சாதனப் பெட்டியில் தயிருக்குப் பக்கத்தில்

முன்பே சொல்லி வைத்திருந்தபடி திங்கட்கிழமை பண்டாரவளை ஆள் ஸ்பிரிங்வெளிக்கு வந்தார். தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் டின்னை வாங்கி வந்து, அரத்தால் மூடியை அறுத்து, மல்டிமீட்டரின் கம்பிகளை உள்ளே மாட்டி, குளிர்சாதனப் பெட்டியில் தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். பார்வதி சொன்னதை இங்கே எழுத முடியாது. பதினாறு பாகைக்கு இறங்கியபோது முள் 7.2 வோல்ட்டில் நின்றது. எடுத்து இடுப்போடு அணைத்து வைத்திருந்தேன். பத்து நிமிடத்தில் நாலரைக்குக் கிட்ட வந்தது. இந்த இரண்டு அளவைகளையும் சேர்த்து நூற்று நாற்பத்தைந்து.

ஜமீல் நானாவிடம் போய் இருபது ரூபா சிலிக்கன் வாங்கினேன். அவர் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு சிரித்தார். அதைப் போட்டு இன்னொரு டின் கட்டினேன். வெயிலிலும் குளிரிலும் அசையாமல் நிற்கும் டின். மூடியை ஈயம் வைத்து அடைக்கவில்லை. ராஜுவிடம் கொடுத்தேன். வாசித்துப் பார்த்து, நல்லாயிருக்கு மச்சான் என்றான். அலுமாரியின் மேல் வைத்தான். இன்றுவரை அது அங்கேதான் இருக்கிறது.

அவன் வாசிப்பது பழைய டின்னில்தான். குளிரும்போது தனக்கும் அதற்கும் ஒரே நேரத்தில் விறைக்கிறது, ஒரே நேரத்தில் விடுகிறது, அதனால் எப்போது தொடங்கலாம் என்று தெரிகிறது என்கிறான். இதில் விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. நான் மறுத்துப் பேசவில்லை. இப்போதெல்லாம் மூன்று மணி பஸ்ஸில் போய் அந்தியில் கொஞ்ச நேரம் அங்கே இருக்கிறேன். போனதும் முதலில் கையைக் கேட்கிறேன்.

ஒரு பை போதவில்லை. டின்னின் மேல் கையை வைத்தால் கைக்குக் கீழ்ப்பக்கச் சூடு மட்டும்தான் வருகிறது. எனவே பதுளையில் இன்னொரு சுடுநீர்ப்பை வாங்கினேன், கைக்கென்று தனியாக. அலுமாரியின் மேலிருக்கும் டின்னையும், பத்தொன்பது பஸ் பயணங்களையும், காளிமுத்து வாங்க மறுத்து நான் வற்புறுத்திக் கொடுத்த பணத்தையும், இந்த இரண்டாவது பையையும் சேர்த்து, எல்லாமாக எனக்குச் செலவானது ஒன்பதாயிரத்து நானூற்றுப் பதினைந்து ரூபா.